வயிற்றுச் சீழும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: லேப் ஜன்னலில் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை. ரிப்போர்ட் வாங்க ஜன்னலுக்கு வருகிறவர்கள் வாகரையில் இருந்து வந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஒன்றுதான். குடல்வால் வெடித்தவர், குடலில் ஓட்டை விழுந்தவர், வயிற்றுக்குள் சீழ் கட்டியவர் ஆகியோரின் சொந்தக்காரர்கள் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை நோயாளியின் டிக்கட்டை, அதாவது வார்டுச் சிகிச்சைக் குறிப்பேட்டை, கையில் வைத்திருக்கும் வார்டு டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

காத்து இல்லாம உயிர் வாழுற கிருமியா? அப்படி ஒன்டு இருக்கா?

இருக்கிறது. நம் எல்லோருடைய பெருங்குடலிலும் இருக்கிறது. ஒரு கிராம் மலத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி பற்றீரியாக்கள் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒட்சிசன் பட்டால் வளராதவை, சில செத்தே போகிறவை. இவற்றைக் காற்றின்றி வாழும் பற்றீரியா என்கிறோம். வாயிலும் பல் ஈறிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் இவை உண்டு.

வயிற்றுச் சீழில் நாங்கள் அதிகம் தேடுவது பக்டிரொயிடிஸ் பிரஜிலிஸ் என்ற கிருமியை. 1898இல் பாரிஸில் வெய்யோன், சூபெர் என்ற இருவர் குடல்வால் அழற்சியில் வந்த சீழில் இருந்து இதை முதலில் விவரித்தார்கள். இனி இதைப் பிரஜிலிஸ் என்றே எழுதுகிறேன்.

எங்கட வயித்துக்குள்ளயே இருந்த கிருமி எங்களுக்கே எப்படி வருத்தம் தரும்?

இடம் மாறுவதுதான் காரணம். வாய்க்காலில் ஓடும்போது வயலுக்கு உதவும் தண்ணீர், கட்டு உடைந்தால் அதே வயலை அழிப்பது போல. குடல் சுவர் முழுதாக இருக்கும்வரை இந்தக் கிருமிகள் உணவைச் சிதைக்கும், வேறு கெட்ட கிருமி குடியேறாமல் பார்த்துக்கொள்ளும். குடல்வால் வெடித்தாலோ, விபத்திலோ ஒப்பரேஷனிலோ குடல் கிழிந்தாலோ அவை வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. அங்கே அவற்றுக்கு இடமில்லை.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று. குடல் கிருமிகளில் பிரஜிலிஸ் நூற்றில் ஒன்று இரண்டு பங்குகூட இருக்காது. ஆனால் வயிற்றுச் சீழில் கிடைக்கும் காற்றின்றி வாழும் கிருமிகளில் முதலிடம் அதற்குத்தான். கூட்டத்தில் சிறியது, வெளியே வந்தால் தலைவன். அதன் உடலைச் சுற்றியுள்ள சர்க்கரைப் பொருளாலான உறைதான் இதற்கு முக்கிய காரணம். அந்த உறை வெள்ளை அணுக்கள் விழுங்கவிடாமல் தடுக்கிறது. அதோடு சீழ்க்கட்டி உருவாகவும் தூண்டுகிறது. எலிகளில் செத்த கிருமியின் உறைப்பொருளை மட்டும் தனியே எடுத்துப் போட்டபோதும் கட்டி வந்தது. இதே உறைப்பொருளில் ஒரு வகை, குடலுக்குள் இருக்கும்போது உடலின் எதிர்ப்புச் சக்தியை அமைதிப்படுத்தி நமக்கு நன்மை செய்கிறது.

இன்னும் சில ஆயுதங்களும் உண்டு. ஒட்சிசனின் நச்சுத்தன்மையை முறிக்கும் நொதியங்கள் இருப்பதால் காற்றுப் பட்டாலும் இது உடனே சாவதில்லை. சில ரகங்கள் மட்டும் ஒரு நச்சுப் புரதத்தைச் சுரந்து, குடல் கலங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதத்தை வெட்டுகின்றன. அந்த ரகம் வயிற்றோட்டத்தையும் தரும்.

வாப்பாட வயித்துக்குள்ள கட்டி என்டு ஸ்கானில சொன்னாங்க. ஊசி மருந்து ஏத்தினா கரையாதா? ஏன் குழாய் போடணும்?

சின்னக் கட்டி சில சமயம் கரையும். பெரியது கரையாது. சீழ்க்கட்டிக்குள் இரத்தக் குழாய் இல்லை. மருந்து இரத்தத்தில்தான் போகிறது, கட்டியின் சுவர்வரை போய் அங்கேயே நின்றுவிடும். உள்ளே போகும் கொஞ்ச மருந்துக்கும் அங்கே சாதகமான நிலை இல்லை. புளித்த, ஒட்சிசன் இல்லாத சூழலில் ஜென்டாமைசின் போன்ற மருந்து வேலை செய்யவே செய்யாது. பற்றீரியாக்கள் அங்கே பெருக்கத்தை மெதுவாக்கிக்கொள்வதால், பெருகும்போது மட்டும் கொல்லும் மருந்துகளும் பலம் இழக்கின்றன. பிரஜிலிஸ் சுரக்கும் மருந்து உடைக்கும் நொதியம் சீழ் முழுவதும் தேங்கி, பக்கத்தில் உள்ள மற்றக் கிருமிகளையும் காப்பாற்றிவிடும்.

ஆகவே ஸ்கான் பார்த்துக்கொண்டே தோலூடாகக் குழாய் விட்டுச் சீழை வடிப்பார்கள், அல்லது திறந்து கழுவுவார்கள். இதுதான் சிகிச்சை, மருந்து அதற்குத் துணை. "மருந்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்க, வெட்ட வேணாம்" என்று கேட்பவர்கள் நிறைய. ஓட்டை அடைபடாமல், சீழ் வெளியேறாமல் எந்த உயர்ந்த மருந்தும் வெல்லாது. கிருமி அடங்காமல் போவதும் பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகிறது: மருந்து குறைவாகவே போய்ச் சேரும் சீழில் கிருமி நாட்கணக்காக உயிரோடு கிடந்து பழகிவிடுகிறது.

ஒரு கிருமி என்டா ஒரு மருந்து போதுமே. எதுக்கு ரெண்டு?

வயிற்றுச் சீழில் ஒரு கிருமி தனியாக இருப்பது அபூர்வம். ஈ. கோலை போன்ற, காற்றிலும் வளரும் குடல் கிருமிகள் அங்கிருக்கும் ஒட்சிசனை உறிஞ்சி முடிக்கின்றன, அந்த வசதியில் பிரஜிலிஸ் வளர்கிறது. பிரஜிலிஸ் தன் பங்குக்கு வெள்ளை அணுக்களை மந்தமாக்குகிறது.

1970களில் அமெரிக்காவில் எலிகளில் நடந்த சோதனை இதை அழகாகக் காட்டியது. குடல் கிருமிகளை வயிற்றறைக்குள் வைத்தபோது மருந்தில்லாத எலிகளில் 37 சதவீதம் செத்தன, தப்பியவை எல்லாவற்றுக்கும் சீழ்க்கட்டி வந்தது. ஈ. கோலையைக் கொல்லும் ஜென்டாமைசின் மட்டும் கொடுத்தவற்றில் சாவு 4 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் தப்பியவற்றில் 98 சதவீதத்துக்குக் கட்டி. காற்றின்றி வாழும் கிருமியைக் கொல்லும் கிளின்டாமைசின் மட்டும் கொடுத்தபோது கட்டி 5 சதவீதம், சாவு 35 சதவீதம். இரண்டையும் சேர்த்தபோது சாவும் கட்டியும் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கின. முதல் நாட்களில் ஆளைக் கொல்வது ஒரு கூட்டம், பிறகு கட்டியாகத் தங்குவது இன்னொரு கூட்டம். இரண்டு மருந்தின் கணக்கு இதுதான்.

அப்ப ஓக்மென்டினும் பிளாஜிலும் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லம்தானே?

பெரும்பாலும் தேவையில்லை. ஓக்மென்டினில் உள்ள கிளவுலானிக் அமிலம் பிரஜிலிஸின் வழக்கமான நொதியத்தைத் தடுப்பதால் அந்த மருந்தே இரண்டு கூட்டத்தையும் பார்த்துக்கொள்ளும். மெரோபெனமும் அப்படித்தான். செஃப்ட்ரையக்சோன், செஃபியூரொக்சிம், சிப்ரோஃப்ளொக்சசின் கொடுக்கும்போதுதான் பிளாஜில், அதாவது மெட்ரோனிடசோல், கூடச் சேர வேண்டும். அமீபா சந்தேகம் போன்ற வேறு காரணத்துக்காகவும் டொக்டர் சேர்க்கக்கூடும், ஆகவே டிக்கட்டில் இரண்டும் இருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பார்மசியில் நீங்களாகச் சேர்த்து வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பிளாஜில் எப்படிக் காத்தில்லாக் கிருமியை மட்டும் தேடிக் கொல்லுது?

அது தேடிப் போவதில்லை. குளிசையில் இருப்பது வேலை செய்யாத வடிவம். ஒட்சிசன் இல்லாமல் வாழும் கலத்துக்குள் போனதும் அங்குள்ள இரசாயன வழி அதற்கு இலத்திரன் கொடுத்து நச்சாக மாற்றுகிறது. அந்த நச்சு கிருமியின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. காற்றில் வாழும் கிருமியிலும் நம் கலங்களிலும் அந்த மாற்றம் நடப்பதில்லை.

இந்த மருந்து 1960 அளவில் பெண்களின் பிறப்புறுப்பில் வரும் ஓர் ஒட்டுண்ணிக்காகத்தான் வந்தது. 1962இல் லண்டனில் ஷின் என்ற பல் டொக்டர், அந்த மருந்து எடுத்த பெண்ணின் ஈறு அழற்சியும் சேர்ந்து சுகமானதைக் கவனித்து எழுதினார். காற்றின்றி வாழும் பற்றீரியாவுக்கு இது வேலை செய்யும் என்பது இப்படிப் பல்லில் இருந்துதான் தெரிய வந்தது.

ட்ரிப்பில ஏத்தின மருந்தை நிப்பாட்டிட்டு அதையே குளிசையாத் தந்துட்டாங்க. காசு மிச்சம் பிடிக்கவா?

இல்லை. மெட்ரோனிடசோல் வாயால் எடுத்தால் கிட்டத்தட்ட முழுதும் இரத்தத்தில் சேரும். சாப்பிட முடிந்தவருக்குக் குளிசையும் ட்ரிப்பும் ஒரே பலன்தான். கையில் ஊசிக்குழாய் இருப்பதால் வரும் வேறு தொற்றையும் தவிர்க்கலாம். வாயில் இரும்புச் சுவை, சிறுநீர் கறுத்துப் போவது இரண்டும் இந்த மருந்தால் வரும், பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் எடுத்தவருக்குக் கால் விறைத்தாலோ எரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதன் வேகத்தை இது கூட்டிவிடும். கள்ளோ சாராயமோ மருந்து முடிந்து இரண்டு நாள் கழியும்வரை வேண்டாம்.

சீழ் எடுத்துக் கொண்டு வாங்க என்டாங்க. ஐஸ் பெட்டியில வைச்சுக் கவனமாத்தானே கொண்டு வந்தன், ஏன் முகத்தைச் சுளிக்கிறீங்க?

ஐஸ்தான் பிரச்சினை. காற்றின்றி வாழும் கிருமிக்குக் குளிரும் ஆகாது, காற்றும் ஆகாது. நல்ல மாதிரி என்பது, சீழை உறிஞ்சிய சிரிஞ்சில் இருந்து காற்றுக் குமிழை வெளியே தள்ளி, ஊசியைக் கழற்றி மூடி போட்டு, சாதாரண அறை வெப்பத்தில் கையோடு கொண்டு வருவது. பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்தது இதற்குச் சரிவராது: அளவும் கொஞ்சம், முழுக்கக் காற்றும் பட்டிருக்கும். த்ரீவீலரில் மதியம் முழுக்க ஊர் சுற்றி நாலு மணிக்கு வரும் சிரிஞ்சையும் நாங்கள் வளர்த்துப் பார்ப்போம். ஆனால் அதில் வராததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நல்ல சிரிஞ்சின் மூடியைக் கழற்றும்போதே பாதி விடை தெரிந்துவிடும். ஈ. கோலை மட்டும் உள்ள சீழ் அப்படி நாறாது. காற்றின்றி வாழும் கிருமிகள் இருந்தால் அந்த நாற்றம் மேசையைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும்.

ரிப்போர்ட்டில 'வளர்ச்சி இல்லை' என்டு போட்டிருக்கு. அப்ப கிருமியே இல்லையா? மருந்தை நிப்பாட்டலாமா?

நிறுத்தக் கூடாது. சாதாரணக் கல்ச்சர் காற்றுள்ள பெட்டியில் வளர்ப்பது, அதில் இவை வரவே வராது. இவற்றுக்கென்று ஒட்சிசனை நீக்கிய ஜாடி வேண்டும், முதல் தடவை திறந்து பார்க்கவே 48 மணி நேரம் ஆகும், மெதுவாக வளர்பவைக்கு ஒரு வாரம்கூடப் போகும். இந்த வசதி எல்லா ஆய்வுகூடத்திலும் இல்லை.

நுணுக்குக்காட்டியில் சாயமிட்டுப் பார்த்தபோது பல வடிவக் கிருமிகள் தெரிந்து, கல்ச்சரில் ஒன்றும் வராவிட்டால், அதுவே காற்றின்றி வாழும் கிருமி என்பதற்கு நல்ல அடையாளம். டொக்டர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதும், ரிப்போர்ட்டில் பெயர் வராவிட்டாலும் பிளாஜிலைத் தொடர்வதும் இதனால்தான்.

நாலஞ்சு நாளில மருந்தை நிப்பாட்டிட்டாங்க. பத்து நாள் குடிக்க வேணும் என்டுதானே எல்லாரும் சொல்றது?

சீழ் நன்றாக வடிந்து, ஓட்டையும் அடைபட்டிருந்தால் நாலைந்து நாள் போதும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 518 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுமார் 4 நாள் மருந்து, மற்றதுக்குச் சுமார் 8 நாள். காயத்தொற்று, திரும்பவும் சீழ், சாவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 21.8 சதவீதமும் 22.3 சதவீதமும், அதாவது வித்தியாசம் இல்லை. வடிக்க முடியாத கட்டி உள்ளவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. டொக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் நீங்களாக நிறுத்துவதும், சொன்ன நாளுக்குப் பின்னால் நீங்களாக நீட்டுவதும் ஒரே அளவு தவறு.

கிருமி மருந்துக்கு அடங்கேல்ல என்டா என்ன? உடம்பு மருந்துக்குப் பழகிட்டா?

பழகுவது உடம்பு இல்லை, கிருமிதான். பிரஜிலிஸ் கிட்டத்தட்ட எப்போதும் பெனிசிலினை உடைக்கும் நொதியம் வைத்திருக்கும், ஆகவே வெறும் அமொக்சிசிலின் இதற்கு வீண். ஜென்டாமைசினுக்கு இது பிறவியிலேயே அடங்காது, கலத்துக்குள் அந்த மருந்தை இழுக்க ஒட்சிசன் சார்ந்த வழி வேண்டும், அது இங்கே இல்லை. கிளின்டாமைசின் ஒரு காலத்தில் முதல் மருந்து. எலிச் சோதனையில் அவ்வளவு நன்றாக வேலை செய்த அதே மருந்தை, அடங்காத பிரஜிலிஸ் பெருகியதால் 2010இல் வந்த அமெரிக்க வழிகாட்டி வயிற்றுத் தொற்றுப் பட்டியலில் இருந்து விட்டுவிட்டது.

மெட்ரோனிடசோலுக்கு அடங்காத பிரஜிலிஸ் இன்னும் பல நாடுகளில் அரிது. முதல் விவரம் 1978இலேயே வந்தது, அந்த நோயாளி அந்த மருந்தை நீண்ட காலம் எடுத்தவர். மருந்தை நச்சாக மாறவிடாமல் வேறு பொருளாக்கும் நிம் என்ற மரபணுக்கள் ஒரு காரணம். மெரோபெனத்தை உடைக்கும் இன்னொரு மரபணுவும் உண்டு. அது சில ரகங்களில் பேசாமல் உறங்கும். அதன் முன்னால் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு வந்து ஒட்டிக்கொண்டால் விழித்துவிடும். இரண்டுக்கும் அடங்காத ஒரு பிரஜிலிஸ் 2013இல் அமெரிக்காவின் சியாட்டிலில், இந்தியாவில் ஒப்பரேஷன் செய்து வந்த ஒருவரிடம் கிடைத்தது.

அடங்காத கிருமி என்டா பொல்லாத கிருமி என்டுதானே அர்த்தம்?

இல்லை, இரண்டும் வேறு. மருந்தைத் தாங்குவது ஒரு திறமை, நோய் உண்டாக்குவது இன்னொன்று. உறையும் நச்சும் உள்ள பிரஜிலிஸ் எல்லா மருந்துக்கும் அடங்கக்கூடியதாகவும் இருக்கலாம், ஆளைப் படுக்க வைக்கும், ஆனால் சரியான மருந்தில் அடங்கும். அதன் உறவுக்காரன் தெட்டாயோட்டாமிக்ரோன் என்ற நீளப் பெயர்க் கிருமி மருந்தைத் தாங்குவதில் பெரும்பாலும் இதைவிடக் கெட்டிக்காரன், கட்டி உண்டாக்குவதில் பின்தங்கியவன். இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் கஷ்டம்.

வயிறு கலங்கினா ரெண்டு பிளாஜில் போடுறது எங்கட வீட்டுப் பழக்கம். அதால என்ன வரப்போகுது?

பெரும்பாலான வயிற்றோட்டம் வைரஸால் வருவது, அதற்குப் பிளாஜில் ஒன்றும் செய்யாது. ஜீவனியும் (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) கஞ்சியும் போதும். இரத்தம் போனாலோ காய்ச்சல் விடாமல் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்டிபயோட்டிக்கை டொக்டர் துண்டு இல்லாமல் விற்பது இலங்கையில் சட்டப்படி தவறு. ஆனாலும் துண்டு கேட்காத கடைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

தீமை என்னவென்றால், குடல் கிருமிகள் தங்களுக்குள் மரபணு பரிமாறுகின்றன. டெட்ராசைக்ளினைத் தாங்கும் மரபணு 1970க்கு முன் பக்டிரொயிடிஸ் இனங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இருந்தது, 1990களில் 80 சதவீதத்தைத் தாண்டியது. அதைச் சுமக்கும் டிஎன்ஏ துண்டு, டெட்ராசைக்ளின் பட்டாலே மற்றக் கிருமிக்குத் தாவும் வேலையைப் பல மடங்கு வேகமாக்குகிறது. பரவலை அடக்க வேண்டிய மருந்தே பரப்பும் மணியை அடிக்கிறது. கூடவே கிளின்டாமைசினைத் தாங்கும் மரபணுவும் பயணம் போவதுண்டு.

மாமா படுவான்கரையில வயல் செய்றவர், சீனி வருத்தமும் இருக்கு. ஈரல்லயும் மண்ணீரல்லயும் கட்டி. பிளாஜில் ஏத்தியும் காய்ச்சல் நிக்கேல்ல. கிருமி அடங்கேல்லையா?

முதலில் இது வேறு கிருமியா என்று கேட்க வேண்டும். ஈரலில் அமீபாவால் வரும் கட்டிக்குப் பிளாஜில் வேலை செய்யும், அமீபாவும் ஒட்சிசன் இல்லாமல் வாழ்வதுதான். ஆனால் வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி தரும் மெலியோய்டோசிஸ் மட்டக்களப்புப் பக்கம் உண்மையாகவே இருக்கிற நோய். சீனி வருத்தக்காரர், வயல்காரர், மாரி மழைக்காலம் மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் கூடும். இது காற்றில் வளரும் கிருமி, பிளாஜில் இதைத் தொடவே தொடாது. ஜென்டாமைசினுக்கும் வழக்கமாக அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வாரக்கணக்கில் ஏற்றி, பிறகு கோ-ட்ரைமொக்சசோல் குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டும்.

வார்டில் அவர் என்ன வேலை செய்கிறவர் என்று கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எங்கள் லேபுக்கு வரும் படிவத்தில் "விவசாயி, நீரிழிவு" என்று இரண்டு சொல் இருந்தால் தட்டில் வளர்வதை நாங்கள் பார்க்கும் விதமே மாறும். அந்தக் கிருமியைச் சாதாரண அழுக்குக் கிருமி என்று ஒதுக்கிவிடுவது எளிது.

வீட்டில சின்னப் பிள்ளைகள் இருக்கு. இந்தக் கிருமி தொத்துமா?

வயிற்றுச் சீழ் அவருடைய சொந்தக் குடல் கிருமியால் வந்தது, பக்கத்தில் இருந்து சாப்பிட்டால் தொற்றாது. விதிவிலக்கு ஒன்று: அன்டிபயோட்டிக் எடுக்கும்போதோ எடுத்து முடித்த பிறகோ தண்ணீராக வயிற்றோட்டம் போனால் அது குளொஸ்ட்ரிடியொயிடிஸ் டிஃபிசில் என்ற இன்னொரு காற்றின்றி வாழும் கிருமியாக இருக்கலாம். அதன் வித்திகள் ஸ்பிரிட் கலந்த கைத்திரவத்தில் சாகாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில மருந்துப் பேருக்கு நேர எஸ், ஐ, ஆர் என்டு போட்டிருக்கு. எஸ் போட்டது எல்லாம் நல்லம் என்டு பார்மசியில வாங்கலாமா?

எஸ் என்றால் வழக்கமான அளவில் அடங்கும், ஆர் என்றால் அடங்காது. ஐ என்பது அளவைக் கூட்டினால் வேலை செய்யக்கூடும் என்ற இடம். ஆனால் அந்த எழுத்து எந்தக் கிருமிக்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தட்டில் வளர்ந்த ஈ. கோலைக்கானது. மேலே சொன்னபடி காற்றின்றி வாழும் பங்காளி ரிப்போர்ட்டில் இல்லாமலே சீழில் இருப்பான். ஜென்டாமைசினுக்கு நேரே எஸ் பார்த்துவிட்டு, பிளாஜில் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வீட்டுக்கு வந்து அஞ்சு நாள், திரும்பவும் காய்ச்சல். மிச்சம் கிடக்கிற குளிசையைத் தொடங்கட்டா?

தொடங்க வேண்டாம். வயிற்று ஒப்பரேஷனுக்குப் பின் இப்படித் திரும்பும் காய்ச்சலுக்கு அடிக்கடி காரணம் கிருமி அடங்காதது அல்ல, எங்கோ ஒரு மடிப்பில் சீழ் தங்கியிருப்பது. கல்லீரலின் கீழ், இடுப்புக் குழியில் தங்கினால் வெளியே தெரியாது. விக்கல் விடாமல் வருவது, மலம் கழிக்க அடிக்கடி முட்டுவது, தோள் வலிப்பது போன்ற சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும் குறிகளும் அதைக் காட்டலாம். மிச்சக் குளிசை காய்ச்சலை இரண்டு நாள் மறைக்கும், கல்ச்சரையும் கெடுக்கும். டிக்கட்டையும் ஸ்கான் படத்தையும் எடுத்துக்கொண்டு ஒப்பரேஷன் செய்த வார்டுக்கே போங்கள். வயிறு கல்லு மாதிரி இறுகி, ஆள் மயங்கினால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.